நேரில் கேட்டவர்கள்

நாலு மணி ஆகட்டும், நாலுக்கு மேல்தான் எதிர்வரிசையில் மாவு மில் நிற்கும், கரண்டும் ஒரு நிலைக்கு வரும், அதுவரை வால்வுகள் சூடாகிக்கொண்டிருக்கட்டும் என்று ஆம்ப்ளிஃபயரைப் போட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். நாற்காலி ஒன்றுதான். இந்த அறையில் எப்போதும் ஒன்றுதான். இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவே எவ்வளவு தூரமோ அதே அளவு பின்னால் தள்ளி, காது உயரத்துக்குச் சரியாகப் போட்ட நாற்காலி. அதில் உட்கார்ந்தால் பாடுகிறவர் சுவருக்கு முன்னால் வந்து நிற்பார். ஒரு முழம் நகர்ந்தால் போய்விடுவார். பாலிடெக்னிக்கில் முப்பத்தோரு வருஷம் எலக்ட்ரானிக்ஸ் சொல்லிக்கொடுத்தவனுக்கு இது ஏன் என்று தெரியும், தெரிந்தும் ஒவ்வொரு தடவையும் யாரோ வெறும் காற்றில் வந்து நிற்கும்போது கையை நீட்டப் பார்ப்பேன். பியூலாவை எங்கே உட்காரவைப்பது? இதில்தான். அப்போது நான்? நான் டேப் பக்கத்தில் நின்றுகொள்ளலாம், எப்படியும் சத்தத்தின் அளவு காட்டும் மீட்டர் முள்ளைப் பார்க்க வேண்டும், பழைய டேப், எந்த இடத்தில் அறும் என்று சொல்ல முடியாது. நாற்பது வருஷக் கல்யாணத்தில் இந்த அறைக்கு இரண்டாவது நாற்காலி வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை, அவளும் கேட்டதில்லை, வாசலில் நின்று, "பாட்டு நல்லாருக்கு, சாப்பிட வாங்க" என்று சொல்லிவிட்டுப் போவாள். கேசட் வந்தபோது ஊரே வாங்கியது, நான் வாங்கவில்லை, எண்ணெயில் அப்பளம் பொரிகிற இரைச்சலுக்கு நடுவே யாருக்குப் பாட்டு வேண்டும் என்றேன். சி.டி. வந்தது, இரைச்சல் போயிற்று, கூடவே பாடுகிற இடத்துக் காற்றும் போயிற்று. அப்புறம் கம்ப்யூட்டரில் பாட்டை நசுக்கிச் சின்னதாக்கி வைக்கிற காலம், அது கரும்பைப் பிழிந்துவிட்டுச் சக்கையைத் தட்டில் வைக்கிற மாதிரி. இப்போது நசுக்காமல் முழுசாகவே தருகிறார்கள், காது கேட்பதைவிட அதிகமாகவே தருகிறார்கள், ஆனாலும் நான் இந்த ஸ்பூல் டேப்புக்கே திரும்பி வந்துவிட்டேன், ஏனென்றால் பியூலா இதில்தான் இருக்கிறாள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்று, பெரிய வெள்ளி, மத்தியானம் மூன்று மணி நேரம் நடக்கிற மும்மணி ஆராதனை, பாளையங்கோட்டை வெயில். பாடகர் குழுவின் பழைய மாஸ்டர் தானே எழுதி மெட்டுப்போட்ட பாட்டு, சிலுவைக்குத் தூரத்தில் நின்ற பெண்கள் பாடுவதுபோல. அதில் பியூலா மட்டும் தனியாகப் பாடிய ஆறு நிமிஷம். அவளுக்கு அப்போது முப்பத்தோரு வயசு.

மகள் ஹெப்சிக்கு நான் செய்வதெல்லாம் பைத்தியக்காரத்தனம். மெல்போர்னிலிருந்து போனில், "அப்பா, எங்கிட்ட அம்மா அனுப்பின வாய்ஸ் மெசேஜ் இருநூத்திச் சொச்சம் இருக்கு, பஸ்ல போகும்போது ஒண்ணு போடுவேன், எனக்கு அது போதும்" என்றாள். சாப்பிட்டியாட்டி, குளிருக்குக் காதைக் கட்டு, பிள்ளைக்குச் சளி விட்டுட்டா, இப்படி இருநூறு. நானும் ஒன்றைக் கேட்டேன். குரலில் பாதி இல்லை, கீழேயும் வெட்டு, மேலேயும் வெட்டு, தகர டப்பாவுக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி. இதைக் கேட்டா இவள் அழுகிறாள் என்று நினைத்தேன். என் மூளை அப்படித்தான் நினைக்கும், அழுகிறவளைப் பார்த்தாலும் முதலில் சத்தத்தின் தரத்தைத்தான் பார்க்கும். பியூலாவின் தொண்டையைப் பார்த்த டாக்டர் அறையிலும் அப்படித்தான். அவர் பேசிக்கொண்டிருக்கிறார், எனக்கு ஏ.சி. மெஷினின் முனகல் எந்த சுருதி என்று ஓடிக்கொண்டிருக்கிறது. "குரல்வளைய முழுசா எடுத்துரணும்மா. பரவுறதுக்குள்ள எடுத்துட்டா உயிருக்குப் பயமில்ல." பியூலா கைப்பையை மடியில் நேராக வைத்துக்கொண்டு கேட்டாள், "கீழ் சுருதியிலயாவது பாட முடியுமா டாக்டர்?" அவர் என்னைப் பார்த்தார். நான் ஏ.சி.யைப் பார்த்தேன். "பாட்டு இருக்காதும்மா" என்றார். அதற்கு அப்புறம் ஆபரேஷனுக்கு ஒன்பது நாள் இருந்தது. அந்த ஒன்பது நாள், வேண்டாம், அதை இப்போது எடுக்க வேண்டாம், டேப் ஹெட்டை இன்னொரு தடவை ஸ்பிரிட்டில் துடைத்துவிடலாம். பஞ்சு, குச்சி, ஸ்பிரிட். பழுப்பாகக் கொஞ்சம் ஒட்டுகிறது. டேப் தேயத் தேய இப்படித்தான் வரும், பாட்டே உதிர்ந்து பஞ்சில் ஒட்டுகிற மாதிரி. ஆபரேஷன் முடிந்து பதினாலு மாசம். கழுத்தில் ஓட்டை, அதன்மேல் நாடா வைத்த வெள்ளைத் துணி, அவளே தைத்தது, ஓரத்தில் சின்னதாகப் பூ. பேசுகிற கருவி ஒன்று கொடுத்தார்கள். தாடைக்குக் கீழே வைத்து வாயசைத்தால் வண்டு பேசுகிற மாதிரிப் பேசும். ஒரே நாள் வைத்துப் பார்த்தாள். நான் என் முகத்தை மாற்றாமல்தான் வைத்திருந்தேன் என்று நினைக்கிறேன். அதைத் துடைத்து டப்பாவில் போட்டு அலமாரியில் வைத்தாள், அப்புறம் நோட்டும் பென்சிலும்தான். இந்த வீட்டில் நான் கழற்றிப் பார்க்காத ஒரே மெஷின் அது. ஆனாலும் சனிக்கிழமை தவறாமல் ஐந்து மணிக்குப் பாடகர் குழுவின் பயிற்சிக்குப் போகிறாள். போய் என்ன செய்கிறாள் என்று நான் கேட்டதில்லை. ஸ்கூட்டரில் கொண்டு கோயில் கேட்டில் விடுவேன், ஏழு மணிக்குப் போய்க் கூட்டிவருவேன், இடைப்பட்ட இரண்டு மணி நேரம் எனக்கு, சால்டரிங் செய்ய, ஒயர் மாற்ற. இன்றைக்கும் சனிக்கிழமை. அதனால்தான் நாலு மணி. பாட்டைக் கேட்டுவிட்டு அவள் ஒரு சந்தோஷத்தோடு போகட்டும்.

மில் நின்றது. திடீரென்று தெருவே விரிந்துபோன மாதிரி இருந்தது. கூப்பிட்டேன், வந்தாள், ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே. நாற்காலியைக் காட்டினேன். நீங்க, என்பதுபோலக் கையைத் திருப்பினாள். "நீ உக்காரு. அதுதான் சரியான இடம். தலையை மட்டும் ஆட்டாத" என்றேன். உட்கார்ந்தாள், போட்டோ எடுக்க உட்கார்ந்தவள் மாதிரி, நோட்டு மடியில். பட்டனைத் தட்டினேன். சக்கரம் இரண்டும் சுற்ற ஆரம்பித்தன. முதலில் பாட்டு இல்லை. முதலில் கோயில்தான் வந்தது. முந்நூறு பேர் மத்தியான வெயிலில் உட்கார்ந்து பேசாமலிருக்கும் சத்தம், அது சும்மா இருக்கும் சத்தம் இல்லை, அதற்கு ஒரு எடை உண்டு. பெஞ்ச் ஒன்று கிறீச்சிட்டது. வலது பக்கம், கொஞ்சம் தள்ளி, ஒரு பிள்ளை சிணுங்கி, யாரோ வாயைப் பொத்தினார்கள். மேலே ஜன்னலில் காகம். இந்த அறையின் சுவர்கள் பின்னால் போய்விட்டன. புது ஸ்பீக்கர் செய்தது அது, நாலு மாசம் மரம் அறுத்து, இழைத்து, பெட்டி கட்டி நான் செய்தது. அப்புறம் அவள் மூச்சு இழுத்தாள். அது கேட்டது. பாடுவதற்கு முன் வாய் திறந்து மூச்சு இழுக்கும் அந்த ஒரு சத்தம், ஐந்தடி தூரத்தில், நெற்றி உயரத்தில். தூரத்திலே நின்றோமே என்று ஆரம்பித்தாள். நின்றோமே என்ற இடத்தில் அந்த ஓகாரம் மேலே போய், போய், அங்கேயே நின்று, விழாமல் இறங்கியது. சுவருக்கு முன்னால் முப்பத்தோரு வயசு பியூலா நின்றாள். கையை நீட்டினால் சேலை தட்டுப்படும். நாற்காலியில் அறுபத்துநாலு வயசு பியூலா அவளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குப் பயமாக இருந்தது. இவ்வளவு சரியாக வரும் என்று நான் நினைக்கவில்லை. எதற்காக இவ்வளவு சரியாகச் செய்தேன்? கொஞ்சம் இரைச்சல் இருந்திருக்கலாம், ஒரு அப்பளப் பொரிப்பு இருந்திருந்தால் இது பழசு, இது டேப் என்று காதுக்குத் தெரிந்திருக்கும், எட்ட வைத்துக் கேட்டிருக்கலாம். இதில் மறைப்பு ஒன்றும் இல்லை. பியூலாவின் கழுத்துத் துணி லேசாக உள்ளே போய் வெளியே வந்தது. கவனித்தேன். சுவருக்கு முன்னால் இருந்தவள் மூச்சு இழுத்த இடங்களிலெல்லாம் இவளும் இழுத்தாள். ஒரு இடம் கூடத் தப்பவில்லை. பாட்டு எங்கே மூச்சுக்கு இடம் கொடுக்கும் என்று உடம்புக்கு ஞாபகம் இருந்தது, எடுத்துப்போட்ட பிறகும். நிறுத்திவிடலாமா என்று கை பட்டனுக்குப் போனது. முள் சிவப்பைத் தொடாமல், அதற்குச் சற்றுக் கீழேயே ஆடிக்கொண்டிருந்தது, அன்றைக்கு நான் வைத்த அளவு அப்படியே, எவ்வளவு கச்சிதமாக வைத்திருக்கிறேன் என்று ஒரு நொடி பெருமைகூட வந்தது, தூ, அந்த நேரத்திலும்.

ஆறு நிமிஷம் முடிந்தது. காகம் ஒரு தடவை கத்தியது, டேப் வால் அவிழ்ந்து டப் டப் என்று அடித்தது. நிறுத்தினேன். அவள் தலையை ஆட்டாமல்தான் உட்கார்ந்திருந்தாள், நான் சொன்னபடியே. கண்ணில் தண்ணீர் இல்லை. "அப்படியே இருக்கா?" என்றேன். ஏன் கேட்டேன்? முப்பது வருஷமாக யாரிடமாவது கேட்கவேண்டும் என்று வைத்திருந்த கேள்வி. "அன்னைக்குக் கோயில்ல இருந்த மாதிரியே இருக்கா பியூலா?" நோட்டைப் புரட்டி எழுதினாள். காட்டினாள். எனக்கு எப்படித் தெரியும்? என் குரல் எனக்குத் தலைக்குள்ளதான கேக்கும். நீங்கதான சொல்லணும். நான் சிரித்தேன், அப்படியேதான் இருக்கு என்று சொல்ல வாயைத் திறந்தேன். எப்படி இருந்தது அன்றைக்கு? யோசித்துப் பார்த்தேன். பெரிய வெள்ளி, பன்னிரண்டு மணி, ஒயர் இரண்டையும் பாடகர் வரிசையிலிருந்து கம்பளத்துக்கு அடியில் இழுத்து, கதவு இடுக்கு வழியாக வெஸ்டரிக்குள் கொண்டுபோனது ஞாபகம் இருக்கிறது. வெஸ்டரி, பாதிரியார் அய்யரவர்கள் அங்கி மாற்றுகிற அறை, ஆணியில் அங்கிகள், காணிக்கைப் பைகள், ஒரு ஸ்டூல். ஸ்டூலில் நான். காதில் ஹெட்போன், காதோடு காதாக அழுத்தி, வெளிச்சத்தம் ஒரு துளி வரக்கூடாது என்று. கதவைச் சாத்தியிருந்தேன். முள், சிவப்புக்கோடு, முள். பியூலா பாடினாள், எனக்கு ஒயர் வழியாகத்தான் வந்தாள். நான் கேட்டது இதே சத்தத்தைத்தான், இந்த டேப்பில் போய் விழுந்ததைத்தான். அன்றைக்குக் கோயிலுக்குள் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது. சரி, அந்த ஒரு நாள்தானே? கிறிஸ்துமஸ்? வெஸ்டரி. அறுப்பின் பண்டிகை? வெஸ்டரி. மறைமாவட்ட விழாவில் மேடைக்குப் பின்னால், தார்ப்பாய்க்கு அடியில். ஹெப்சி கல்யாணத்தில்? ஹெப்சி கல்யாணத்தில் மணவாளன் வீட்டுக்காரர்கள் கேட்டு இவள் பாடினாள், நான் மண்டபத்துக்காரனின் ஸ்பீக்கர் ஊளையிடுகிறது என்று ஓடிப்போய் மிக்சர் பக்கத்தில் நின்றேன். கல்யாணமான புதுசில், மெஷினெல்லாம் வாங்குவதற்கு முன்னால்? அப்போது கேட்டிருக்கவேண்டும். கேட்டிருப்பேன். துணி மடிக்கும்போது முனகுவாள். எப்படி இருந்தது? காதுக்குள் தேடினேன், இந்த டேப்பின் குரல்தான் வந்தது, எங்கே தேடினாலும் இதுவே வந்து முன்னால் நின்றது. அப்படியானால் நான் இத்தனை வருஷம் எதோடு எதை ஒப்பிட்டேன்? இது நேரில் கேட்பது மாதிரி இல்லை, அது நேரில் கேட்பது மாதிரி இல்லை என்று எத்தனை ஸ்பீக்கர் பெட்டியைத் திருப்பிக் கொடுத்திருக்கிறேன். பியூலா மறுபடி எழுதிக்கொண்டிருந்தாள். அன்னைக்கு மாஸ்டர் அழுதாரு. மூணாவது பெஞ்சில அன்னபாக்கியம் டீச்சர் கண்ணாடியக் கழட்டித் தொடச்சா. அதெல்லாம் இதில இல்ல. பென்சிலை வைத்தாள், பிறகு எடுத்தாள். நான் மொகத்தப் பாத்துதான் பாடுவேன். யாரு மொகம் எப்படி மாறுதுன்னு. கொஞ்சம் இடம் விட்டு, சின்ன எழுத்தில், உங்க மொகத்தப் பாத்துப் பாடினதே இல்ல.

கோபமாக எழுதியிருந்தால் பரவாயில்லை. கடைக்குப் போகும்போது உப்பு இல்ல என்று எழுதுவாளே, அப்படி எழுதியிருந்தாள். எழுந்து உள்ளே போனாள், நாலரை ஆகிறது, சேலை மாற்றவேண்டும். நான் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த ஒன்பதாவது நாள் அதற்குள்தான் இருக்கிறது, டெஸ்ட் என்று பேர் போட்ட ஒரு ஃபைல். மறுநாள் காலை ஆபரேஷனுக்கு மதுரைக்குக் கிளம்பவேண்டும், பெட்டியெல்லாம் கட்டியாயிற்று. சாயங்காலம் இந்த அறை வாசலில் வந்து நின்றாள். குரல் கம்மி, கரகரப்பு, ஆனால் இருந்தது. "வாங்களேன், உங்களுக்கு ஒரு பாட்டு பாடுதேன். சும்மா, நமக்கு." நான் என்ன சொன்னேன்? "இரு இரு, அஞ்சே நிமிஷம், மைக் வச்சிருதேன்" என்றேன். அவள், "வேண்டாமே" என்றாள். "இல்ல பியூலா, இது முக்கியம்" என்றேன். முக்கியம். மைக்கை வைத்தேன், லைனில் ஒரு முனகல் வந்தது, எர்த் சரியில்லை. ஒயரை மாற்றினேன், முனகல். பிளக்கை மாற்றினேன். அவள் இந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள், கைகளை மடியில் வைத்து. முக்கால் மணி நேரம் கழித்து முனகல் போனது. "ஒரு தடவ பேசு, லெவல் பாக்கேன்" என்றேன், ஹெட்போனை மாட்டிக்கொண்டு, முதுகைக் காட்டிக்கொண்டு. "ஒண்ணு, ரெண்டு, மூணு, கேக்குதாங்க?" என்றாள். அருமையாக இருந்தது. நான் செய்த பதிவிலேயே அதுதான் ஆகச் சுத்தமானது, ஒரு துளி இரைச்சல் கிடையாது, உதடு பிரிகிற ஈரம்கூடக் கேட்கும். கையைத் தூக்கிக் காட்டினேன், ஆரம்பி என்று. ஹெட்போனில் நாற்காலி நகர்ந்த சத்தம் கேட்டது. "தொண்டை வலிக்குங்க. வெள்ளன எந்திரிக்கணும்." அவ்வளவுதான். அவள் போன பிறகும் பதினேழு நொடி ஓடியிருக்கிறது, சோர்வாக இருக்கிறாள், சரி, ஊருக்குத் திரும்பி வந்து பாடட்டும் என்று நினைத்தேன், திரும்பி வந்து என்று நினைத்த மூளை எது, அந்த ஆபரேஷன் என்னவென்று தெரிந்திருந்தும். எந்தப் பாட்டைப் பாட வந்தாள்? பதினாலு மாசமாக நான் கேட்கவில்லை. இன்றைக்கு நோட்டு இருக்கிறது, கேட்டால் எழுதிவிடுவாள். எழுதிவிட்டால் அப்புறம் எனக்கு அந்தப் பாட்டு தெரிந்துவிடும். வேண்டாம். அந்தப் பயத்தோடுதான் ஸ்கூட்டர் சாவியை எடுத்தேன்.

மேட்டுத்திடல் தாண்டி, மார்க்கெட் தாண்டி, பின்னால் அவள் கை என் தோளில், எப்போதும்போல. கோயில் கேட்டில் நிறுத்தினேன். இறங்கி, சேலையை நீவி, நோட்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு உள்ளே போனாள், திரும்பிப் பார்க்கவில்லை, நான் போய்விடுவேன் என்று அவளுக்குத் தெரியும். நான் ஸ்டாண்ட் போட்டேன். போட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் ஸ்கூட்டரையே பிடித்துக்கொண்டு நின்றேன். உள்ளே ஆர்கனில் யாரோ சுருதி பார்த்தார்கள். செருப்பைக் கழற்றி உள்ளே போனபோது வெளிச்சம் மேற்கு ஜன்னல் வழியாகப் பாதிக் கோயில் வரைக்கும் கிடந்தது. பெஞ்சுகளைத் துடைத்துக்கொண்டிருந்த கோயிலைப் பார்த்துக்கொள்ளும் கோயில்குட்டி பொன்னையா துணியோடு நிமிர்ந்தார். "என்ன சார், பதிவு பண்ணணுமா? வெஸ்டரிச் சாவி எடுத்துட்டு வரட்டா?" "இல்லய்யா. சும்மாதான். கேக்க வந்தேன்." அவர் ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, துடைத்த பெஞ்சைக் காட்டினார், "அப்போ இப்படி உக்காருங்க, ஈரம் காஞ்சிட்டு." மூன்றாவது பெஞ்ச். உட்கார்ந்தேன். கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. பாடகர்கள் பதினாறு பேர் நின்றார்கள், இரண்டாவது வரிசையில் இடதுபக்கத்திலிருந்து மூன்றாவது பியூலா. நின்றுகொண்டிருந்தாள், கையில் தாள், அவள் நின்ற இடத்தில் வேறு யாரையும் நிறுத்தவில்லை. புது மாஸ்டர், ஐசக் என்று சின்ன வயசுக்காரர், கையைத் தூக்கினார். அறுப்பின் பண்டிகைக்கான பாட்டு, இன்னும் படியாத பாட்டு. ஆரம்பித்தார்கள். முதலில் எல்லாம் ஒன்றாக ஒரு சுவர் மாதிரி வந்து மோதியது, எது எங்கே என்று தெரியவில்லை, பக்கச் சுவரில் பட்டு ஒரு தடவை, மேலே ஓட்டில் பட்டு ஒரு தடவை, காலடியில் தரை லேசாக அதிர்ந்தது, பெஞ்சின் முதுகுப்பலகை என் முதுகுக்குப் பின்னால் பாடியது. ஆல்டோவில், கீழ்க்குரல் பெண்களில், ஒருத்தி சுருதி இறங்கிவிட்டாள். டெனர் ஆண்கள் இரண்டு பேரும் முந்துகிறார்கள். வெளியே பஸ் ஹாரன். மைக்கை எங்கே வைக்கலாம் என்று கண் தானாகத் தேடியது, நடு வழியில், ஏழடி உயரத்தில், போதும், போதும் என்றேன் எனக்குள், கையை மடியில் அழுத்திக்கொண்டேன். பியூலா வாயைத் திறந்தாள். எல்லோரும் மூச்சு இழுத்தபோது இழுத்தாள், கழுத்துத் துணி உள்ளே போனது. எல்லோரும் சொன்ன சொல்லை அவள் உதடு சொன்னது. மேலே போகிற இடத்தில் புருவம் தூக்கினாள், கன்னத்தில் ஒரு குழி விழுந்தது, அவள் பாடும்போது கன்னத்தில் குழி விழும் என்று நாற்பது வருஷத்தில் எனக்குத் தெரியாது. சனிக்கிழமைதோறும் வந்து இதைத்தான் செய்கிறாள். வெளியிலிருந்து வருகிற அத்தனை குரலுக்கும் நடுவே தலைக்குள்ளே அவளுக்கு அவள் குரல் கேட்கிறதோ என்னவோ. நான் கூர்ந்து கேட்டேன். மனுஷக் காதால் எவ்வளவு பிரிக்கமுடியுமோ அவ்வளவு பிரித்துப் பார்த்தேன், மேல்குரல் சோப்ரானோ ஆறு பேர், இவள் நிற்கும் இடத்துக்கு இரண்டு பக்கமும் குரல் இருந்தது, நடுவில் ஒரு ஆள் அகலத்துக்கு ஒன்றும் வரவில்லை. அந்த இடத்தையே கேட்டுக்கொண்டிருந்தேன். அப்போதுதான் அவள் தாளிலிருந்து நிமிர்ந்து பெஞ்சுகளைப் பார்த்தாள், முதலாவது, இரண்டாவது, பிறகு மூன்றாவது. என்னைக் கண்டாள். உதடு ஒரு சொல்லைத் தவறவிட்டது. என் முகம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியவில்லை, தெரிந்திருந்தால் சரிசெய்திருப்பேன். அவள் கண்ணை எடுக்கவில்லை. விட்ட சொல்லுக்கு அடுத்த சொல்லைப் பிடித்துக்கொண்டு, என்னைப் பார்த்தபடியே, கடைசி அடி வரைக்கும் பாடினாள். அவள் குரல் தவிர மற்ற எல்லாக் குரலும் எனக்குக் கேட்டது. ஐசக் மாஸ்டர் கையை இறக்கி, "டெனர் ஓடாதீங்க. திரும்ப, முதல்லேருந்து" என்றார். பியூலா தாளைத் திருப்பினாள். நான் உட்கார்ந்திருந்தேன்.